எண்பத்தேழாவது அடிக்குறிப்பு

சட்டம் படித்தவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைக் கேட்டாலும் "அதுக்குத் தீர்ப்பு இருக்கு" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவார்கள். சரி, அந்தத் தீர்ப்பை முழுசாகப் படித்திருக்கிறீர்களா என்று திருப்பிக் கேட்டுப் பாருங்கள். கடிகாரத்தைப் பார்ப்பார்கள், திடீரென்று அவசர வேலை வந்துவிடும். அந்தக் கேள்வியைக் கூச்சநாச்சமில்லாமல் கேட்கிற ஒரே ஆள், அந்த அரசுப் பல்கலைக்கழகத்தின் சட்டத் துறையில் மாலை வகுப்பு படிக்கும் ஒருத்திதான். வயது நாற்பத்து நான்கு. நகரப் பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகர் வேலை. காலை ஐந்து மணிக்குப் பேருந்து ஏறினால் மதியம் ஒரு மணிக்கு இறங்குவாள். இரண்டரை மணிக்கு லைப்ரரியில் இருப்பாள். உடன் படிக்கும் பிள்ளைகள் அவளுக்கு 'டிக்கெட் அக்கா' என்று பெயர் வைத்திருந்தார்கள். முதலில் மறைவாகத்தான் சொன்னார்கள். காதில் விழுந்த அன்று, "நல்ல பேராத்தானே இருக்கு, நேர்லயே கூப்பிடுங்க" என்று அவளே சொல்லிவிட்டாள்.

அவள் சட்டம் படிக்க வந்த கதையை அவள் கணவன் சொல்லிக் கேட்க வேண்டும். அவர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். மாடிக்கும் தரைக்கும் நடுவே தொங்கிக்கொண்டு வேலை செய்பவர் என்பதால் எதற்கும் பதறாத ஆள். நாலு வருஷத்துக்கு முன்னால் அவள் கண்டக்டராக இருந்தபோது, அவள் பேருந்தில் டிக்கெட் வாங்காத ஒருவர் பிடிபட்டார். அவள்மேல் விசாரணை. விசாரணை அதிகாரி விதிப் புத்தகத்தைத் திறந்து, "பயணியிடம் டிக்கெட் இல்லையென்றால் கண்டக்டரே பொறுப்பு" என்று கணீரென்று வாசித்து மூடிவிட்டார். அந்தப் புத்தகத்தை ஒரு தடவை தன் கையில் கொடுங்கள் என்று இவள் ஒற்றைக் காலில் நின்றாள். அவர் சலித்துக்கொண்டே நீட்டினார். பயணி ஏறிய நிறுத்தத்துக்கு அடுத்த நிறுத்தம் வருவதற்குள் என்றால் பொறுப்பில்லை என்று அதே விதியில் அடுத்த வரியே இருந்தது. அந்த ஆள் ஏறி இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை. வழக்கு அத்தோடு முடிந்தது.

"அன்னிக்கு வீட்டுக்கு வந்தவ, குக்கர் மேனுவல்லேர்ந்து கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ் வரைக்கும் ஒண்ணு விடாம படிக்க ஆரம்பிச்சுட்டா" என்பார் கணவர். "சரி, பேசாம லா படிச்சுடுன்னு சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன். மறுநாளே விண்ணப்பத்தோட வந்து நிக்கிறா."

படிப்பு மூன்று வருஷம். கடைசிப் பருவத்துக்கு வந்துவிட்டாள். கோர்ட்டில் நின்று வாதாடுவது அவளுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. அதற்குக் கறுப்புக் கோட்டைவிட நல்ல தொண்டை வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. இருபது வருஷம் "டிக்கெட், டிக்கெட்" என்று கத்தியே அவள் தொண்டை போயிருந்தது. ஆனால் ஒரு வரி எங்கிருந்து வந்தது, அதை முதலில் சொன்னவர் யார், அவர் சொன்னது இதுதானா என்று பழைய தீர்ப்புத் தொகுப்புகளுக்குள் புகுந்து தேடிக்கொண்டு போவதில் அவளுக்கு ஒரு வெறி. அப்படித் தேடிப்போய் ஒன்று கிடைத்துவிட்டால், அன்று முழுக்கக் கால் தரையில் பாவாது. இதையே செய்துகொண்டிருக்க ஒரு வழி இருக்கிறது, அதற்குப் பெயர் ஆராய்ச்சிப் படிப்பு என்று தெரிந்த நாள்முதல் அவளுக்கு வேறு ஆசை இல்லை. வருஷத்துக்கு மூன்றே இடம். விண்ணப்பத்தில் வழிகாட்டிப் பேராசிரியர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும். போன வருஷத்தோடு, நாற்பத்தைந்து நிரம்பாதவர்கள்தான் சேரலாம் என்று மாற்றியிருந்தார்கள். அவளுக்கு இந்த வருஷம் விட்டால் அடுத்த வருஷம் கிடையாது.

அவள் எடுத்துக்கொள்ள நினைத்த குடியிருப்புச் சட்டத்தில் வழிகாட்டக்கூடிய பேராசிரியர் அந்தத் துறையில் ஒருவர்தான் இருந்தார். முப்பத்தெட்டு வயது. டிக்கெட் அக்காவைவிட ஆறு வயது சின்னவர். வகுப்பில் யார் எதைச் சொன்னாலும், அது சரியாகவே இருந்தாலும், முதலில் "ஆட்சேபணை" என்பார். அப்புறம்தான் யோசிப்பார். அதனால் ஆட்சேபணை மேடம் என்று பெயர். அவர் எழுதிய பாடப்புத்தகம்தான் மூன்று வருஷமும் இவள் பையில் இருந்தது. விண்ணப்பத்தைப் பற்றி இவள் தயங்கித் தயங்கிக் கேட்டபோது அந்த அம்மாள் ஆட்சேபிக்கவில்லை. "வெள்ளிக்கிழமை ரெண்டு மணிக்கு ஊர்லேர்ந்து வந்துடுவேன். ஃபாரத்தை எடுத்துட்டு வாங்க, போட்டுத் தர்றேன்" என்றார். அவ்வளவுதான். இவள் அன்று வீட்டுக்கு எப்படிப் போனாள் என்று அவளுக்கே நினைவில்லை.

இதற்கு நடுவில்தான் அந்த அடிக்குறிப்பு வந்து சேர்ந்தது.

சட்டத் துறையில் மாணவர்களே நடத்தும் ஆய்விதழ் ஒன்று உண்டு. அதில் ஒரு கண்டிப்பான வழக்கம். கட்டுரையை எழுதியவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், அதில் உள்ள ஒவ்வொரு அடிக்குறிப்புக்கும் ஒரு மாணவர் மூலப் புத்தகத்தைக் கையில் எடுத்து, பக்கத்தைத் திறந்து, சொன்னது இருக்கிறதா என்று பார்த்து, ஓரத்தில் தன் முதலெழுத்தைப் போட வேண்டும். வழக்கம் அப்படி, நடப்பது வேறு. பிள்ளைகள் கணினியில் ஒரு தட்டுத் தட்டி, வரி வந்துவிட்டால் முதலெழுத்தைப் போட்டுவிடுவார்கள். டிக்கெட் அக்கா மட்டும் லைப்ரரியின் நிலவறைக்கு இறங்கிப் போவாள். பழைய தொகுப்புகள் எல்லாம் அங்கேதான். குழல்விளக்கு ஒன்று எப்போதும் கண்சிமிட்டிக்கொண்டிருக்கும், அலமாரிகளுக்கு நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில்தான் போக முடியும், தோல் அட்டைகள் கையில் பொடியாக உதிரும். அவளுக்கு அந்த இடம் பிடிக்கும். ஆடாத பேருந்து என்பாள்.

அந்தப் பருவத்து இதழின் முதல் கட்டுரை ஆட்சேபணை மேடம் எழுதியது. இருநூற்றுப் பன்னிரண்டு அடிக்குறிப்புகள். இதழின் ஆசிரியர் ஒரு பகல் வகுப்பு மாணவி. அவள் பேசுகிற வேகத்துக்கு எல்லோரும் அவளை ஸ்பீடு என்றுதான் கூப்பிட்டார்கள். புதன்கிழமை அவள் வந்து, "அக்கா, எண்பதுலேர்ந்து நூத்துப்பத்து வரைக்கும் உங்களுக்கு, வெள்ளிக்கிழமை சாயந்திரம் அச்சுக்குப் போகுது, ப்ளீஸ்க்கா, லேட் பண்ணிடாதீங்கக்கா" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு ஓடினாள்.

எண்பத்தேழு என்பது ஐம்பத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு தீர்ப்பு. சட்டம் படித்த எல்லோருக்கும் மனப்பாடம். வேலை செய்கிற இடத்தில் கொடுத்த குடியிருப்பில் ஒருவர் இருக்கிறார், இறந்துபோகிறார், கூட இருந்த குடும்பத்தின் கதி என்ன? தீர்ப்பில் உள்ளதாகப் பேராசிரியர் எடுத்துக் காட்டிய வரிகள் இவை: 'குடியிருப்பு பணியோடு பிறந்தது, பணியோடு முடிவது. பணியாளர் இறந்த கணம் முதல் அவர் குடும்பத்தார் அத்துமீறி இருப்பவர்களே. அவர்களுக்கு அறிவிப்பும் தேவையில்லை, விசாரணையும் தேவையில்லை.' பக்கம் 342.

டிக்கெட் அக்கா தொகுப்பை இறக்கி, மேஜையில் வைத்து, 342-ஐத் திறந்தாள். பக்கத்தின் உச்சியிலேயே அந்த வரிகள், ஓர் எழுத்துப் பிசகாமல் இருந்தன. முதலெழுத்தைப் போட்டுவிட்டு எண்பத்தெட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் வரிக்கு முன்னால் சின்னதாக '(ஈ)' என்று இருந்தது. (ஈ) என்று ஒன்று இருந்தால் (அ), (ஆ), (இ) எங்கே? பேருந்தில் நாலு பேர் கொண்ட குடும்பம் மூன்று டிக்கெட்டை நீட்டினால் உறுத்துமே, அப்படி உறுத்தியது. ஒரு பக்கம் பின்னால் போனாள். (அ), (ஆ), (இ) மூன்றும் வரிசையாக இருந்தன. அதற்கும் மேலே ஒரு வரி: 'நிர்வாகத்தின் சார்பில் ஆஜரான கற்றறிந்த வழக்கறிஞர் எங்கள் முன் நான்கு வாதங்களை வைத்தார்.'

அவள் அந்த வரியை இன்னொரு தடவை படித்தாள். விரலை வைத்துக்கொண்டு படித்தாள். பிறகு மெதுவாக இரண்டு பக்கம் முன்னால் திருப்பினாள். 343-இன் முதல் வரி: 'நான்காவது வாதத்தை எங்களால் ஏற்க இயலாது.' மாற்று இடம் தேடிக்கொள்ள நியாயமான காலமும், தங்கள் தரப்பைச் சொல்ல ஒரு வாய்ப்பும் தராமல் குடும்பத்தை வெளியேற்றக் கூடாது என்று நீதிபதிகள் அதற்குக் கீழே தெள்ளத் தெளிவாக எழுதியிருந்தார்கள்.

ஒரு வக்கீல் கேட்டு, கோர்ட் முடியாது என்று சொன்ன விஷயத்தைத்தான் ஐம்பத்திரண்டு வருஷமாகக் கோர்ட் சொன்னது என்று எல்லோரும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. எழுந்து நின்றாள். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல் இருந்தது. நிலவறையில் ஒரு ஈ காக்கை இல்லை. அலமாரிகளுக்கு நடுவே பக்கவாட்டில் இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் இரண்டு தடவை நடந்துவிட்டு வந்து, மறுபடியும் மூன்று பக்கங்களையும் படித்தாள். இல்லை, கண் ஏமாற்றவில்லை. இந்தத் தப்பு எப்படிப் பிறந்தது என்பதும் இப்போது புரிந்தது. அந்த வழக்கில் குடும்பம் கடைசியில் தோற்றுப்போயிருந்தது, ஆனால் வேறு காரணத்துக்கு: வீட்டை வெளியாள் ஒருவருக்கு விட்டுவிட்டு அவர்கள் எங்கேயோ இருந்தார்கள். தொகுப்பைப் பதிப்பித்தவர்கள் தீர்ப்பின் தலைமாட்டில் நாலு வரிச் சுருக்கம் ஒன்று போடுவார்கள், தலைக்குறிப்பு என்று பெயர். அதை எழுதிய மகானுபாவர் யாரோ, குடும்பம் தோற்றதைப் பார்த்திருக்கிறார், 342-ஐப் பார்த்திருக்கிறார், முடிச்சுப் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு வந்தவர்கள் தலையைப் படித்தார்களே ஒழிய உடம்பைப் படிக்கவில்லை.

வியாழக்கிழமை மதியம் அவள் சாப்பிடக்கூட இல்லை. அந்தத் தீர்ப்பைப் பின்னால் யார் யார் எடுத்துக் காட்டினார்கள் என்று தேடினாள். பதினொரு தீர்ப்புகள் கிடைத்தன. ஒவ்வொன்றையும் முதலிலிருந்து கடைசி வரை படித்தாள். பதினொன்றிலும் அதே மூன்று வரி, அதே தலைக்குறிப்பு. ஒன்றில்கூட 343 என்ற எண்ணே இல்லை. ஒவ்வொன்று முடியும்போதும் சந்தோஷம் ஒரு படி ஏறியது. ஏழாவதில் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள், பக்கத்து மேஜைக்காரர் திரும்பிப் பார்த்தார். பதினொன்றாவதை மூடியபோதுதான் அவள் பையிலிருந்த பாடப்புத்தகம் நினைவுக்கு வந்தது. எடுத்துப் புரட்டினாள். ஐந்தாம் அத்தியாயம் முழுக்க அந்தத் தீர்ப்பின் மேல்தான் நின்றது. அச்சுக்குப் போகிற கட்டுரையும் அதன்மேல்தான் நின்றது. எழுதியவர் நாளை இரண்டு மணிக்கு அவளுக்குக் கையெழுத்துப் போடப்போகிறவர்.

 இத்தனை நேரம் அது ஏன் தோன்றவில்லை என்று தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

வீட்டில் கணவரிடமும், பத்தாம் வகுப்பு படிக்கும் மகளிடமும் சொன்னாள். மகளும் அவளும் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து படிப்பவர்கள்; அம்மாவின் பாடத்தில் பாதி அவளுக்கும் அத்துப்படி.

"இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் கணவர். "ரெண்டு மணிக்குப் போ. கையெழுத்தை வாங்கு. ஆபீஸ்ல கொடு. அப்புறமா நிதானமா வந்து சொல்லு. லிஃப்ட்டை நிறுத்திட்டுத்தான் கதவைத் திறக்கணும்."

"அதுக்குள்ள கட்டுரை அச்சுக்குப் போயிடுமேங்க."

"அஞ்சு நிமிஷத்துல என்ன ஆயிடப்போகுது?"

"கையெழுத்தை வாங்கி வச்சுக்கிட்டு அப்புறம் சொன்னா, முன்னாடியே தெரிஞ்சும் மறைச்சேன்னுதானே அர்த்தம்? அந்தம்மா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"முன்னாடியே சொன்னா என்ன நினைப்பாங்களாம்?" என்றாள் மகள். "அம்மா, எங்க மிஸ் போர்டுல தப்பாப் போட்ட கணக்கை நான் சொன்னேன். ஒரு மாசம் என் பக்கமே திரும்பல."

 கணவர் சொல்வதில் தப்பொன்றும் இல்லை என்று ஒரு மனசு சொன்னது. அவள் அந்த மனசோடுதான் படுத்தாள், அதோடுதான் எழுந்தாள். வெள்ளிக்கிழமை காலை முழுக்கப் பேருந்துகளில் ஏறி இறங்கினாள், யாரையும் பிடிக்கவில்லை. டிக்கெட் இல்லாதவர்கள் இருந்தார்களா, இவள்தான் பார்க்கவில்லையா என்று தெரியவில்லை.

இரண்டு மணிக்கு, ஒரு கையில் விண்ணப்பம், இன்னொரு கையில் துணிப்பை. பைக்குள் லைப்ரரியில் கெஞ்சிக் கையெழுத்திட்டு வாங்கிய தொகுப்பு.

பேராசிரியரின் அறை மூன்றாம் மாடியில், ஜன்னல் வரைக்கும் காகிதம் அடுக்கிய அறை. பயணப் பெட்டியைக்கூட இன்னும் திறக்கவில்லை. இவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "வாங்க, வாங்க. உங்க ஞாபகத்துலதான் நேரா இங்க வந்தேன்" என்று கை நீட்டி விண்ணப்பத்தை வாங்கினார். தலைப்பை ஒரு பார்வை பார்த்தார்: 'பணியாளர் குடியிருப்புச் சட்டங்கள்: ஒரு பார்வை'. பேனாவின் மூடியைக் கழற்றினார். முனை காகிதத்துக்கு மேலே வந்துவிட்டது.

"மேடம், ஒரு நிமிஷம்" என்றாள் அவள். தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம். "கையெழுத்துக்கு முன்னால நீங்க ஒண்ணு பார்க்கணும்."

தொகுப்பை மேஜையில் வைத்து 341-ஐத் திறந்தாள். விரலை அந்த வரியில் வைத்தாள். பிறகு 342. பிறகு 343.  பேராசிரியர் படித்தார். பேனா மூடியை எடுத்து மாட்டினார். விண்ணப்பத்தைத் தள்ளி வைத்தார்.

"ஆட்சேபணை" என்றார்.

அடுத்த இரண்டு மணி நேரம் அந்த அறையில் நடந்தது ஒரு கோர்ட்டில் நடந்திருந்தால் ஜனங்கள் டிக்கெட் வாங்கிப் பார்த்திருப்பார்கள். கணினியில் இந்த (அ), (ஆ), (இ), (ஈ) எதுவுமே இல்லையே என்றார் பேராசிரியர். தட்டச்சுச் செய்தவர்கள் விட்டுவிட்டார்கள், அதனால்தான் கணினியில் பார்த்தவர் யாருக்கும் சந்தேகம் வரவில்லை என்றாள் இவள். நான்காவது வாதத்தை வேறு பக்கத்தில் ஏற்றிருக்கலாம் அல்லவா? இவள் முப்பத்தோரு பக்கத்தையும் ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டினாள். பேராசிரியர் எழுந்து நடக்க ஆரம்பித்தார். இவளும் எழுந்துவிட்டாள். பயமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. மூன்று வருஷத்தில் இவ்வளவு சந்தோஷமாக அவள் பேசியதே இல்லை.

"சரி. மூலத்துல தப்பாவே இருக்கட்டும். அப்புறம் பதினொரு தீர்ப்பு அதையே சொல்லியிருக்கு. பதினொரு தடவை சொன்னா அது சட்டமாயிடுச்சு. இதுக்கு என்ன சொல்றீங்க?"

இதுதான் கனமான அடி. அவளுக்கும் தெரியும். ஒரு கணம் மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"பதினொண்ணையும் படிச்சேன் மேடம். ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதினது. இது சரியா தப்பான்னு ஒரு கோர்ட்லயாவது யாராவது வாதாடியிருந்தா நீங்க சொல்றது சரி. யாரும் வாதாடல. முடிஞ்சுபோன விஷயம்னு எல்லாரும் வாயை மூடிக்கிட்டு வீட்டைக் காலி பண்ணியிருக்காங்க. யாரும் அந்தப் புஸ்தகத்தைத் திறக்கவே இல்ல மேடம்."

"நான் திறந்தேன்" என்றார் பேராசிரியர்.

சொல்லிவிட்டு நின்றார். பிறகு சுவரோரம் இருந்த இரும்பு அலமாரிக்குப் போய்க் கீழ்த்தட்டிலிருந்து ஒரு கோப்பை இழுத்தார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் முனைவர் பட்டத்துக்குச் சேர்த்த காகிதங்கள். புரட்டினார், புரட்டினார், ஒரு ஜெராக்ஸ் தாளை உருவினார். பக்கம் 342. மூன்று வரிக்கும் கீழே சிவப்பு மையில் அடிக்கோடு. ஓரத்தில் அவர் கையெழுத்திலேயே 'மிக முக்கியம்'. அந்த ஒரு தாள்தான் இருந்தது. முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

"லைப்ரரியை மூடுற நேரம்" என்றார் மெதுவாக. "மெஷின் முன்னாடி வரிசை. தேவையான பக்கத்தை மட்டும் எடுத்துட்டு ஓடிவந்துட்டேன்."

நாற்காலியில் உட்கார்ந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. டிக்கெட் அக்காவுக்குச் சட்டென்று எல்லா உற்சாகமும் வடிந்துவிட்டது. பாவமாக இருந்தது. இந்த அம்மாளின் பன்னிரண்டு வருஷ உழைப்பைப் பிடித்து இழுத்துவிட்டோமே என்று இருந்தது. விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் போய்விடலாமா என்றுகூட நினைத்தாள்.

"இதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"வீட்ல மட்டும் சொன்னேன் மேடம்."

பேராசிரியர் தொலைபேசியை எடுத்தார். "ஸ்பீடு, நான்தான். என் கட்டுரையை நிறுத்து." அந்தப் பக்கம் எழுந்த அலறல் இந்தப் பக்கம்வரை கேட்டது. "ஆமா, முழுசா. நாற்பது பக்கம் காலியாத்தான் இருக்கும், அதுக்கு நான் என்ன பண்றது? இரு, இரு. அதுக்குப் பதிலா வேற ஒண்ணு வரும். திங்கக்கிழமை வரைக்கும் அச்சகத்துல அவகாசம் கேளு. யாரா? உன் டிக்கெட் அக்காதான் எழுதப்போறாங்க."

போனை வைத்தபோது அவர் கண்ணில் ஈரம் இருந்தது. ஆனால் குரல் வேறாகிவிட்டது; வகுப்பில் நல்ல கேள்வி கேட்கப்படும்போது வருமே, அந்தக் குரல். "இது எவ்வளவு பெரிய விஷயம்னு உங்களுக்குப் புரியுதா? ஐம்பத்திரண்டு வருஷம். என் புஸ்தகம் தப்பு. எனக்குப் பாடம் நடத்தினவர் புஸ்தகம் தப்பு. என்ன ஒரு கூத்து பாருங்க" என்று சொல்லி, அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். இவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

பிறகு பேராசிரியர் விண்ணப்பத்தை இழுத்துப் பார்த்தார். "இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவள் சிரிப்பு அப்படியே நின்றது.

"ஒரு பார்வையாம், பார்வை. இந்த உப்புச்சப்பில்லாத தலைப்புக்கா நான் வழிகாட்டணும்? வேற ஃபாரம் இருக்கா?"

இல்லை. அடித்துத் திருத்தினால் அலுவலகத்தில் வாங்க மாட்டார்கள். மணி நாலு இருபது. பேராசிரியரே தன் கணினியில் தேடிப் புதிய படிவத்தை எடுத்தார். அச்சு இயந்திரம் முதல் தாளைக் கடித்துக்கொண்டு துப்ப மறுத்தது. அதை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். இரண்டாவது தாள் வந்தது. தலைப்பை இவள் சொல்ல அவர் ஆட்சேபிக்க, அவர் சொல்ல இவள் ஆட்சேபிக்க, நாலு நாற்பத்தைந்துக்கு ஒருவழியாக முடிந்தது: 'பணியாளர் மறைவுக்குப் பின் குடும்பத்தின் குடியிருப்பு உரிமை: தவறாகப் படிக்கப்பட்ட ஒரு தீர்ப்பின் வரலாறு'. பேராசிரியர் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "நானும் வர்றேன், அந்த ஆபீஸ் ஆள் அஞ்சு அடிக்கறதுக்கு முன்னாடியே ஜன்னலைச் சாத்திடுவார்" என்று செருப்பை மாட்டினார். மூன்று மாடியும் இறங்கி, புல்வெளியைக் குறுக்கே கடந்து, இரண்டு பெண்கள் ஓடினார்கள். வழியில் நின்ற மாணவர்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

ஜன்னல் திறந்துதான் இருந்தது. உள்ளே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு எழுத்தர், பையை மடியில் வைத்துக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தார். படிவத்தை வாங்கிப் பிறந்த தேதியைப் பார்த்தார், கையெழுத்தைப் பார்த்தார், முத்திரையைக் குத்தி, நாலு ஐம்பத்தேழு என்று நேரம் எழுதி, பதிவேட்டில் ஏற்றுவதற்காகத் தலைப்பைப் பார்த்து எழுத ஆரம்பித்தார். பாதியில் பேனா நின்றுவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

"முடிஞ்சுதுங்களா சார்?" என்று கேட்டாள் டிக்கெட் அக்கா. மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது. கொடுத்துவிட்டோம், கொடுத்துவிட்டோம் என்று உள்ளே ஒன்று குதித்துக்கொண்டிருந்தது.

"பதிஞ்சாச்சும்மா." அவர் தலை நிமிரவில்லை. "இந்தக் குடியிருப்பு உரிமைங்கறது... எங்க அண்ணன் பொறியியல் துறையில லேப்ல இருந்தார். அவர் தவறிப்போய் ரெண்டு மாசம் ஆகுது. அண்ணியும் ரெண்டு பொண்ணுங்களும் இன்னும் இங்க குவார்ட்டர்ஸ்லதான் இருக்காங்க. காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் ஒட்டிட்டாங்க. வர்ற புதன்கிழமை கடைசி நாள்."

"விசாரணைன்னு கூப்பிட்டாங்களா?"

"அதெல்லாம் யாரு கூப்பிடறா? வக்கீல்கிட்ட போனோம். ஒண்ணும் பண்ண முடியாது, அதுக்குத் தீர்ப்பு இருக்குன்னு சொல்லிட்டார். சாமான்லாம் கட்டி வச்சாச்சு."

பேராசிரியர் பக்கத்தில் திரும்பி அவளைப் பார்த்தார்.  இரண்டு நாளாகக் கையில் வைத்துக்கொண்டு ஆடிய சந்தோஷத்துக்குள் இப்படி ஒரு வீடும், கட்டி வைத்த சாமானும், இரண்டு பெண் குழந்தைகளும் இருப்பார்கள் என்று அவள் நினைத்துப் பார்க்கவே இல்லை. வெட்கமாக இருந்தது. அதற்கு மேல் இன்னொரு வேகம் வந்தது.

ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"சார், கட்டின சாமானைப் பிரிக்கச் சொல்லுங்க" என்றாள். "அந்த நோட்டீஸை எடுத்துக்கிட்டு நாளைக்குக் காலையில அண்ணியையும் கூட்டிக்கிட்டு வாங்க. அந்தத் தீர்ப்பை நான் படிச்சிருக்கேன்."